முரண்டு எண்ணும் முறுக்கு மீசையும்

"முப்பத்தேழா? அது முரண்டுங்க. அடங்காது."

பாட்டு வகுப்பு நடத்தும் டீச்சரிடம் இதைச் சொல்லிக்கொண்டே மீசையின் இடது நுனியை முறுக்குகிறார் வரிசைக்காரர். கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டு, வரிசையும் தம் கையாலேயே பிடித்துக் கொடுக்கிறவர். டீச்சருக்கு விளங்கவில்லை. முப்பத்தேழு பேர் வருகிறார்கள், முப்பத்தேழு நாற்காலி வேண்டும், அவ்வளவுதானே?

"ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க. இல்ல, கழிச்சு விட்டுடுங்க."

"யாரைங்க கழிக்கிறது?"

"யாருக்குச் சுருதி சேரலையோ அவங்களை."

அவருடைய சட்டம் சின்னதுதான். எல்லா வரிசையிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வரிசை, வரிசைக்குக் குறைந்தது இரண்டு நாற்காலி. எல்லாவற்றையும் ஒரே நீளமாகப் போட்டால் அது மதில் சுவர். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அது டிக்கெட் கியூ. இந்தச் சட்டத்துக்குள் வர மறுக்கிற எண்ணுக்குத்தான் முரண்டு என்று பெயர். ஏழு, பதினொன்று, பத்தொன்பது எல்லாம் பிறவி முரண்டு. ஐம்பத்தொன்று பார்வைக்குத்தான் விறைப்பு. வரிசைக்குப் பதினேழாக மூன்று வரிசை போட்டால் பசு மாதிரி நிற்கும். "எங்க பெரிய சித்தப்பா மாதிரி. வாசல்ல நின்னு உறுமுவாரு. உள்ள வந்தா சித்தி காட்டின இடத்துல உட்காருவாரு."

பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்று போயிற்று. இதையெல்லாம் அவர் நாற்காலி தூக்கித் தூக்கி வந்த இடுப்பு வலியில் கற்றுக்கொண்டார்.

முரண்டை முரண்டால் அடக்கவும் தெரியும். ஒரு தடவை ஓய்வு பெறும் தபால்காரருக்கு நாற்பத்தொன்று, அதே நாளில் பக்கத்து அறையில் பல் டாக்டர் மகளின் பிறந்தநாளுக்கு முப்பத்தேழு. இரண்டு வீட்டாரையும் பேசிச் சம்மதிக்க வைத்து ஒரே அறையில் சேர்த்துவிட்டார். எழுபத்தெட்டு, ஆறு வரிசை, பதிமூன்று பதிமூன்று. தபால்காரர் மெழுகுவர்த்தி ஊதினார். குழந்தைக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அந்தத் தெம்பில்தான் மனைவியின் தம்பியிடம் பந்தயம் கட்டினார். "ரெட்டைப்படையில முரண்டே கிடையாதுடா. சரிபாதியா வெட்டு, ரெண்டு வரிசை, முடிஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு காட்டு, மீசையை எடுத்துடறேன்."

சாதாரண மீசையா அது? அவருடைய அப்பா வழியில் பெரியப்பா, சித்தப்பாமார், அவர்கள் பிள்ளைகள் யாருக்கும் உதட்டுக்கு மேல் உருப்படியாக ஒன்றும் முளைக்கவில்லை. தாய்மாமனைக் கொண்டு பிறந்ததால் இவர் ஒருவருக்கு மட்டும் வாய்த்தது. நசுங்கிவிடும் என்று மல்லாந்தே தூங்குகிறவர். நாற்காலி உறை தைக்கிற அவர் மனைவி மட்டும், "இருபத்தாறு வருஷமா குத்துது" என்பார்.

நாற்காலி ஏற்றும் வேனை ஓட்டுகிற மைத்துனன் நான்கு மாதமாக விடவில்லை.

"மாமா, தொண்ணூத்தி நாலு?"

"ரெண்டு வரிசை, நாப்பத்தேழு நாப்பத்தேழு."

"ஐநூத்தி முப்பத்தெட்டு?"

"இருநூத்தி அறுபத்தொம்பது. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

பாட்டு டீச்சர் கடைசியில் தம் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டதால் முப்பத்தெட்டு ஆயிற்று. சனிக்கிழமை மத்தியானம் அதைப் போட்டு முடித்த நேரத்தில் மனைவி சாப்பாட்டோடு வந்தார். மைத்துனன் பசி தாங்காமல் நின்றபடியே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"நமக்கு ஒரு ரெண்டு நாற்காலி போடுங்க," என்றார் மனைவி. "உங்க சட்டப்படியே போடுங்க."

பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

"இது மதில் சுவராச்சே."

ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார்.

"இது கியூ."

மைத்துனன் மெல்லுவதை நிறுத்தினான். "அக்கா, ரெண்டு ரெட்டைப்படைதானே?"

வரிசைக்காரர் இரண்டு நாற்காலியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சரிபாதியாக வெட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வரிசைக்கு இரண்டு வேண்டுமே. எந்த இரண்டை வைத்து அத்தனை இரட்டைப்படையையும் அடக்கினாரோ, அந்த இரண்டே அடங்கவில்லை.

"ரெண்டெல்லாம் ஒரு கணக்கா? அது குழந்தை."

"குழந்தை முரண்டு பிடிக்காதா? நம்ம வீட்டுல நாலு வளத்தோமே."

"கூட ஒண்ணு போட்டுக்கறேன்."

"போடுங்க மாமா," என்றான் மைத்துனன். "மூணும் முரண்டுதான்."

"நாலு, ஆறுன்னு வேற ஏதாச்சும் காட்டுறா பாப்போம்."

"எதுக்கு மாமா? ஒண்ணே ஒண்ணுன்னுதானே சொன்னீங்க."

மனைவி சாப்பாட்டுப் பையை ஓரமாக வைத்தார். தையல் பையைத் திறந்து, உறைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

வரிசைக்காரர் முன்னால் இருந்த நாற்காலியைத் தூக்கினார். அதைத் திருப்பி, மற்றதற்கு நேரெதிராக, முட்டி இடிக்கிற நெருக்கத்தில் போட்டார். மதில் சுவரும் இல்லை, கியூவும் இல்லை. ஒன்றில் உட்கார்ந்தார். இடது நுனியை ஒரு தரம் முறுக்கினார், வலது நுனியை ஒரு தரம். பிறகு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் முகவாயைத் தூக்கிக் கொடுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.