மழையை மறித்ததாகச் சொல்லப்பட்டவர்

பரந்தனில் புறப்பட்ட பஸ் உடையார்கட்டில் திடீரென்று நிற்கிறது. வீதியோரத்தில் கல்லடிபட்டு நெற்றி பிளந்து ஒருவர் கிடக்கிறார். இறங்கி ஓடுகிறேன். மழையை அளக்கும் செப்புப் பாத்திரமொன்று அவருக்குப் பக்கத்தில் நசுங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்துக் குறித்துவைப்பதுதான் அவருடைய வேலையாம். ஒரு பெண் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவருக்குக் கட்டுப் போடுகிறாள்.

"என்ன நடந்தது, தங்கச்சி?"

"மாரி மழை பிந்திப் போச்சு, ஐயா. இஞ்ச வந்து குடியேறின எங்களைத் திரும்ப யாழ்ப்பாணத்துக்குக் கலைக்கிறதுக்காக, அரசாங்கக் கந்தோர்க்காரர் இந்தப் பாத்திரத்தை வைச்சு மழையை மறிக்கினமாம். ஊரே நம்பிட்டுது."

"நீங்கள் நம்பேல்லையோ?"

"போன முறையும் மாரி பிந்தினதுதானே. அப்ப இந்தப் பாத்திரம் இஞ்ச இல்லை. வீட்டில கொத்தாலதான் நெல்லை அளக்கிறம். அதால நெல் விளையாமப் போகுதோ?"

"ஆர் கல்லெறிஞ்சது?"

அவள் கட்டை இறுக்கி முடிச்சுப் போடுகிறாள்.

"என்ர மனுசன்தான். அந்தா நிக்கிறார்."

திரும்பிப் பார்க்கிறேன். எதிரே, வேலியோரம், மெலிந்த, சாதுவான முகமுள்ள ஒருவர் நிற்கிறார். கையில் இன்னுமொரு கல்.

"அதைப் போட்டிட்டு வாங்கோ! தலையைப் பிடியுங்கோ, பஸ்ஸில ஏத்தவேணும்" என்று அவள் கத்துகிறாள்.

கல் கீழே விழுகிறது. அவர் வந்து குந்தி, அந்தத் தலையைக் கைகளில் தாங்குகிறார். காயப்பட்டவர் மெல்லக் கண் திறக்கிறார். தன்னைத் தாங்கியிருப்பவரின் முகத்தைக் கண்டதும், இரண்டு கைகளாலும் நெற்றியை மறைத்துக்கொள்கிறார்.