அதே மாதிரி இன்னொரு ரப்பர்

பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர், ஞாயிறுதோறும் பஸ்ஸில் திருத்தணிக்கு வந்து என்னோடு டேபிள் டென்னிஸ் ஆடுவார். குள்ளமானவர், எந்நேரமும் சிடுசிடுத்த முகம். தோற்றுவிட்டால் மட்டையின் ரப்பரைப் பிய்த்துவிட்டு, ஏறக்குறைய அதே மாதிரி இன்னொன்றை ஒட்டுவார்.

ஒரு ஞாயிறு, புது ரப்பர் ஒட்டி வந்தும் தோற்றார். "பந்து வழுக்கிகினே போவுது. பழைய ரப்பரையே வச்சிருக்கணும்" என்று கத்தினார்.

அவர் பையில் கிடந்த பழைய ரப்பரையும் மட்டையிலிருந்த புதியதையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "அப்போ தோத்ததுக்கு நான்தான் காரணம்னு சொல்றியா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆங், நீங்கதான்."

மட்டையை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனார். அதன்பின் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வருகிறார். வேறு யார் கூப்பிட்டாலும் ஆடாமல், நான் வரும்வரை காத்திருந்து, முறைத்துக்கொண்டே எதிரில் வந்து நிற்கிறார்.