சிவப்பு நாற்காலிகளின் அடிப்பக்கம்

பெண் கும்பிடுபூச்சி முட்டையிடப் போகும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. வயிறு ஊதிப்போய் கண்ணாடிப் பெட்டியின் கூரையில் தலைகீழாக நடந்துகொண்டே இருக்கும். நிற்காது. நானும் நிற்கமாட்டேன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் நாங்கள் இருவரும் இப்படி நடக்கும்போது கணவர் கீழேயிருந்து கத்துவார்: "ஏம்புள்ள, பிரசவம் அதுக்கா, உனக்கா?"

அது ஆப்பிரிக்க வம்சம். என்னைப் போலவே பூச்சி வளர்க்கும் ஒருவரிடம் குஞ்சாக வாங்கியது. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வளர்த்தேன். நம்மூர் வேலியில் திரியும் பூச்சியைவிடப் பெரிது, முரடு. ஒருநாள் பல்லிக்குஞ்சைப் பிடித்துத் தின்றது. ஆணை உள்ளே விட்டபோது அவன் தலையைத் தின்றது. தலையில்லாத உடல் அப்போதும் அவளைப் பற்றிக்கொண்டிருந்தது. அதுதான் நான் எடுத்ததிலேயே நல்ல படம். எத்தனையோ பேர் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பயம். அவள் இனி இடுகிற முட்டையெல்லாம் பொரியும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஆகவே வேண்டாத முட்டைக்கூட்டை ஃப்ரீசரில் வைத்து உயிரை அடக்கிவிடுவேன். "மாவு வெக்கற பொட்டில இந்தக் கருமத்த வெக்காதன்னா கேக்கறயா?" என்பார் கணவர். கேட்கமாட்டேன். எங்கள் ஊர் வெயில் அந்தப் பூச்சிக்கு அந்நியமில்லை. ஒரு கூடு வெளியே போய்ப் பொரிந்தால் அது இந்தத் தோப்புகளிலேயே தங்கிவிடும், வேலிப் பூச்சிகளைத் தின்று தீர்க்கும். அந்த நினைப்பே எனக்கு முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருக்கும்.

நாத்தனார் மகளின் நிச்சயம் எங்கள் வீட்டில் நடந்தது. சொந்தமெல்லாம் பூச்சி பார்க்க மாடியேறியது. யார் வலைமூடியைத் திறந்தார்களோ தெரியாது. மறுநாள் காலையில் என் கும்பிடுபூச்சி துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஓடவில்லை, பறக்கவில்லை. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். வயிறு ஒட்டிக்கிடந்தது.

எங்கேயோ முட்டையிட்டுவிட்டாள்.

திரைச்சீலையை உதறினேன். டியூப்லைட்டுக்குப் பின்னால், மோட்டார் பெட்டிக்குள், சாமி படங்களின் முதுகில், மாட்டுத்தொழுவத்தின் கழிகளில், எங்கும் தேடினேன். நாட்கள் போயின. முட்டைக்குள் குஞ்சுகள் வளர்கிற நாட்கள் அவை. ஒரு மாதம் நெருங்கும்போது நாத்தனார், "நிச்சயத்துப் படமெல்லாம் எப்பத்தான் குடுப்பீங்க?" என்று கடிந்துகொண்டாள். நான் எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வாடகை நாற்காலிகளின் அடுக்கு. கடைசி நாற்காலியின் இருக்கைக்கு அடியில், சிவப்பில் ஒரு பச்சைக் கோடு. தலைகீழாகத் தொங்குகிறாள். வால்பக்கத்தில், முட்டைக்கூடாகக் காயப்போகும் வெளிறிய நுரை.

அந்த நாற்காலிகள் மறுநாள் விடியும் முன்பே வண்டியேறிப் போய்விட்டிருந்தன.

கடைக்காரர் கிடங்கின் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க்கா. சேரு வேணுமுங்களா?"

"வேண்டாமுங்க. இருக்கற சேரெல்லாம் திருப்பிப் பாக்கோணும்."

"திருப்பியா?" டீயை வைத்துவிட்டு எழுந்தார். "கம்மல் கிம்மல் தொலஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங்க. ஒரு பூச்சி முட்ட."

"பூச்சி முட்டைக்கா இந்த வெயில்ல வந்தீங்க? அக்கா, எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க. எத்தன பவுனுன்னு சொல்லுங்க, நானும் தேடறேன்."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. தங்கம் தேடும் வேகத்தில் அவரும், பயத்தில் நானும் நாற்காலிகளைப் புரட்டினோம். மென்று ஒட்டிய மிட்டாய், குளவிக்கூடு, பல்லிமுட்டை. பிறகு என் விரலில் அது தட்டியது. பழுப்பு நுரை, காய்ந்து கெட்டியாக. அதன் அடியில் அறுந்த நூல்கள், நூல்களில் சருகுபோல் குட்டித் தோல்கள். பொரிந்து இறங்கும்போது விட்டுப்போகும் தோல்கள்.

"இதுக்கா, அக்கா?" அவர் முகம் விழுந்துவிட்டது.

"இந்தச் சேரு எங்க போயிருந்துச்சுங்க?"

"இந்த அடுக்கா? உங்கூட்டுல இருந்து நேரா எலப்புள்ளிக்கு ஒரு எழவூட்டுக்குப் போச்சுங்க. காரியம் முடிஞ்சும் வாசல்லயே கெடந்துது. முந்தாநேத்துத்தான் வந்துச்சு. ஏனுங்க, கடிக்குமுங்களா?"

"கடிக்காதுங்க" என்றேன்.

மறுநாள் எலப்புள்ளிக்குப் பஸ் ஏறினேன். முன்பின் தெரியாத வீடு. சுவரில் பெரியவர் ஒருவரின் படம், வாடிய மாலை. மருமகள் போலிருந்த பெண் காப்பி கொண்டுவந்தாள்.

"மாமாவத் தெரியுமுங்களா?"

"கேள்விப்பட்டேனுங்க."

அவள் கண் கலங்கினாள். நான் காப்பிக்குள் குனிந்துகொண்டேன். அவள் அவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, என் பார்வை வாசலில் மாமரத்தடிக்கும் செம்பருத்தி வேலிக்கும் போய்ப்போய் வந்தது. விடைபெறுவதுபோல் எழுந்து வேலியோரம் நின்றேன். இலையிலையாகப் பார்த்தேன். எறும்பு. எறும்பு. பிறகு எறும்பில்லாத ஒன்று. எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், வாலை மேலே தூக்கி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

கேமராவை எடுத்தேன். காற்றில் இலை ஆடியதில் முதல் படங்கள் எல்லாம் கலங்கின. தெளிவாக விழுந்த படத்தைப் பெரிதாக்கினேன். மேலும் பெரிதாக்கினேன். ஆப்பிரிக்காவா, எலப்புள்ளியா? இந்த வயதில் எல்லாக் கும்பிடுபூச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூச்சியின் பெயர் கேட்டு ஊரிலிருப்பவர்களெல்லாம் படம் அனுப்புவது எனக்குத்தான்; நான் யாருக்கு அனுப்பிக் கேட்பது?

"இத்தினிக்கூண்டு பூச்சியா?" அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "இது எப்பவும் இங்க இருக்கறதுதானுங்க."

எப்பவும் இருப்பது இதுதானா, இதைப்போல் ஒன்றா? நசுக்கத்தான் விரலை நீட்டினேன். அது விரல்மேல் ஏறிக்கொண்டது. பையிலிருந்த டப்பாவை விரலுக்கு எதிரே நீட்டினேன், உள்ளே போனது. வேலி முழுக்கத் தேடியும் வேறொன்று கிடைக்கவில்லை. வேறு இல்லவே இல்லையா, கூட்டிலிருந்து இறங்கிய இருநூறும் கலைந்துவிட்டனவா?

இப்போது அது மாடியறையில் இருக்கிறது. முன்கையின் உட்புறத்தில் புள்ளி தெரிகிற அளவுக்கு வளர்ந்தால்தான் எந்த ஊர்க்காரன் என்று சொல்ல முடியும். அதுவரை ஊட்டி வளர்க்கிறேன். நேற்று இன்னொரு தோல் உரித்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கை இன்னும் வெறும் பச்சைதான். எலப்புள்ளி வேலியில் மீதிப் பேர் இருந்தால், அவர்களும் நேற்று ஒரு தோல் உரித்து, ஒரு சுற்றுப் பெருத்திருப்பார்கள்.