சிகாகோ பக்கத்து பெஞ்சு

அல்வாலில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். முழங்காலில் பட்டை, தலையில் மகன் வாங்கிக் கொடுத்த தொப்பி. காலை நடையில் யார் அகப்பட்டாலும் நிறுத்தி, சிகாகோவுக்குப் பக்கத்தில் மகன் வசிக்கும் ஊரின் கடைத்தெருவைக் கைபேசியில் காட்டுவார். நானே எட்டுத் தடவை பார்த்துவிட்டேன்.

“ஊர்னா அதுதான் சார். ரயிலை விட்டு இறங்கினா பேக்கரி, புஸ்தகக் கடை, அங்கங்கே பெஞ்சு. யார் வேணா உக்காரலாம். ‘எதுக்கு உக்காந்திருக்கே’ன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்.”

“நம்ம கேட்டுக்கு வெளியிலயும் ஒரு பெஞ்சு இருந்துச்சே சார்?”

“அதுவா? வீட்டு வேலைக்கு வர்றவங்கல்லாம் அதுல உக்காந்து டிபன் சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நான்தான் எடுக்க வெச்சேன்.”

கூச்சம் துளியும் இல்லை. அடுத்த படத்துக்குத் தள்ளினார். அதிலும் பெஞ்சுதான், அதன்மேல் அவர், காலை நீட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்.

அதற்குள் முழங்கால் வலி வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

“மனுஷன் உக்கார இந்த ஊர்ல ஒரு இடம் உண்டா, சொல்லுங்க!”

நாங்கள் நின்றது அந்த பெஞ்சைப் பெயர்த்த இடத்தில்தான். அவர் காலடியில் அதன் நான்கு குழிகளும் இன்னும் மூடாமல் கிடந்தன. தோளை நான் ஏன் விலக்கிக்கொள்ளவில்லை என்பது எனக்கே இன்றுவரை விளங்கவில்லை.