புளி போட்டுத் தேய்த்த புறா

மலேசியாவில், ஈப்போவில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அர்ச்சுனனுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பொய்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அப்பா மாடு வளர்த்து, துரை பங்களாவுக்குப் பால் ஊற்றியவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது, ஒரு சின்ன அலமாரியை அந்தப் பால்காரரின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதன் கதவில் பொன்னாக மினுங்கும் சித்திரங்கள்: இரண்டு புறா, ஓர் இதயம், ஒரு நங்கூரம். அர்ச்சுனன் வாயில் அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியானார், மினுக்கம் தங்கத் தகடானது, நங்கூரம் முருகனின் வேலானது.

"வேலு ஏன்ணே தலகீழா நிக்குது?" என்று யாராவது கேட்டால், "வெள்ளக்காரனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்லா" என்பார்.

அவர் மனைவி கலாதேவி இதைக் கல்யாணமான நாள் முதலாகக் கேட்கிறாள். அவளுக்கு உண்மை தெரியும்; யார் முன்னால் சிரிப்பது என்றுதான் தெரியவில்லை.

பழைய கடைவீடு ஒன்றை ஓட்டலாக்கிக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்தில் வைக்கப் பழஞ்சாமான் தேடி அங்கிருந்து நிரோஷா என்ற பெண் வந்தாள். அலமாரி கிடைத்தால் பக்கத்திலேயே குடும்பப் பெயரைப் பலகையில் போடுவார்களாம். 'கிராணி குடும்பம்' என்று ஊரே படிக்கும். அதற்காக அர்ச்சுனன் சட்டைக்கு இஸ்திரி எல்லாம் போட்டிருந்தார்.

நிரோஷா குனிந்து பார்த்தாள். "அருமை, அங்கிள். வைக்கோலைப் பிளந்து, சப்பையாக்கி ஒட்டியிருக்கிறாங்க. நங்கூரம் நம்பிக்கைக்கு, புறா அன்புக்கு. கட்டாயம் எடுக்கிறோம்."

காரியம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவர் காதில் விழுந்தது வைக்கோல் மட்டுந்தான். மாட்டுக்காரன் மகன் என்று விசாரித்து வந்து குத்திக்காட்டுகிறாளோ?

"வைக்கோலா? கலா, புளி கொண்டா. தேச்சுக் காட்டுறேன், தங்கமா இல்லையான்னு பாக்கட்டும்."

"தங்கத்துக்கு யாருங்க புளி போடுவா? அது பித்தள வெளக்குக்கு."

அவரே அடுப்படிக்குப் போய்ப் புளியைக் கரைத்து வந்தார். "தண்ணி படக்கூடாது, அங்கிள்" என்று நிரோஷா தடுப்பதற்குள் தேய்த்தும்விட்டார். ஒரு புறா கழன்று கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. விடாமல் தேய்த்தார். நங்கூரம் ஊறிச் சுருண்டது.

"இனி இதை வைக்க ஏலாது, அங்கிள்" என்று மெல்லச் சொல்லிவிட்டு நிரோஷா போய்விட்டாள்.

அர்ச்சுனன் விரலைப் பார்த்தபடி நின்றார். "புளி சரியில்ல" என்றார்.

"ஆமா, புளிதான் சரியில்ல" என்றாள் கலாதேவி. "ஒங்க அப்பா வளத்த மாட்டக் கேட்டிருந்தாக்கூட, வைக்கோலுன்னு சொல்லியிருக்கும்லா."