திண்டுக்கல் சிறையில் பதினைந்து நிமிடம்: மனு பார்க்கப் போகிறவர்களுக்கு

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை எங்கள் பக்கம் 'மனு பார்ப்பது' என்போம். என் தம்பி சேகர் வரப்புத் தகராறில் கைகலப்பாகி, திண்டுக்கல் சிறையில் ரிமாண்டில் இருந்தான். மூன்றாவது மனுவில் அம்மாவிடம், "என் பைக்க மச்சானுக்குக் குடுத்துரு. இனி யாரும் வர வேணாம்" என்றிருக்கிறான். மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், உடனே சாவியைத் தேடினார். எனக்கோ அது சரியாகப் படவில்லை. அந்த பைக்கை யாரையும் தொடவிடாதவன் அவன்.

அடுத்த செவ்வாய் காலை 8.10க்கு ரெட்டியார்சத்திரத்தில் டவுன் பஸ். பதிமூன்று கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ அறுபது ரூபாய்.

"மனுவாக்கா? சிரிச்ச மொகமாப் போங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"அம்பதுன்னா இன்னும் நல்லாச் சிரிப்பேன்" என்றேன். சிரித்துக்கொண்டே அறுபதையும் வாங்கிக்கொண்டார்.

ஆதார் அசல், நகல் இரண்டும் வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்து, 10.20க்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருப்பவனிடம் நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. "தக்காளி நல்ல விலைக்குப் போச்சு, மோட்டார் ஓடுது, நீ இல்லாம ஒரு குறையும் இல்ல" என்று மூன்று மனுவிலும் முறை வைத்துச் சொல்லியிருந்தோம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏலே, செத்துப்போகலாம்னு தோணுதா?"

வலைக்குப் பக்கத்தில் வந்தான். "தோணுதுக்கா. நான் இல்லாமயே எல்லாம் நல்லாத்தானே நடக்குது?"

அடக் கடவுளே, எங்கள் வேலையா இது!

"அம்புட்டும் பொய்யிடா! மோட்டார் ஓடி நாலு நாளாச்சு. உங்க மச்சான் அதத் தொட்டு ஷாக் வாங்கிட்டாரு. அம்மாவுக்குச் சோறு எறங்கல. நீ வேணும்டா எங்களுக்கு" என்று அழுதேவிட்டேன்.

பாவி, சிரித்தான். "அவர யாரு ஸ்டார்ட்டரத் தொடச் சொன்னது?" என்றான். மீதி நேரமெல்லாம் மோட்டார் பாடம்தான்.

அவனிடம் சொல்லிவிட்டே அங்கிருந்த சிறை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே மனநல ஆலோசகரை வரவழைத்தார். தனியாக விடாமல், கூட ஆள் இருக்கும் அறைக்கு மாற்றினார்.

மனு பார்க்கப் போகிறவர்களே, சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்டதை மூடி மறைக்காமல் அங்கேயே அதிகாரியிடம் சொல்லுங்கள். வீட்டுக் கஷ்டத்தையும் கொஞ்சம் எடுத்துப் போங்கள்.

அடுத்த செவ்வாய் நான் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான்: "நேத்து அந்த மழ பெஞ்சுச்சே, தோட்டத்துத் தண்ணிய வடிச்சீங்களா இல்லையா?" வடிக்கவில்லை. பதினைந்து நிமிடமும் திட்டினான். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.