ராகு காலம் முடிந்து ஏறிய கெர்னல்

அன்று மதியம் மகளுக்கு ஆன்லைனில் வேலை நேர்காணல். அவளுடைய லேப்டாப் அடிக்கடி நின்றுபோனதால் காலையிலேயே புதுக்கோட்டையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தன்னை நிபுணர் என்று தானே சொல்லிக்கொண்டார். அதில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தை உள்ளிருந்து இயக்கும் கெர்னலை, இந்த மாடலுக்கென்றே தயாரித்து வைத்திருக்கிறாராம். அதை ஏற்றினார். ஆனால் ராகு காலம் முடியட்டும் என்று ரீஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சூடம் காட்டாத குறையாகப் பொத்தானை அழுத்தினார். திரை வந்தது, வைஃபை வரவில்லை. புதுக் கெர்னலுக்குப் பொருந்தும், வைஃபையை வேலைசெய்ய வைக்கும் டிரைவர் மென்பொருளை அவர் போடவே இல்லை.

“பழைய கெர்னல்லயே தொறங்கண்ணே,” என்றாள் மகள்.

“அத அழிச்சுட்டேன் பாப்பா. புதுசு வந்தப்புறம் பழசு எதுக்கு?”

நேர்காணலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. மகள் தன் போனைக் கேபிளால் இணைத்து இன்டர்நெட்டை வரவழைத்தாள். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே, அந்தக் கடையிலேயே உட்கார்ந்து நேர்காணலை முடித்தாள்.

“பாத்தீங்களாக்கா, நல்ல நேரத்துல போட்டது வீண்போகல,” என்றார் அவர்.

ராகு காலம் முடியக் காத்திருந்த நேரத்தில் அந்த டிரைவரைத் தேடிப் போட்டிருக்கலாம் என்பது அந்த நிபுணருக்குக் கடைசிவரை தோன்றவில்லை.